முயலுக்கு இரவில் எங்கே இடம்?



அன்புக்குரிய சகோதரிகளே!

இம்மாதம் இப்பகுதியில் எழுத எண்ணியிருந்த விடயம் வேறு. அதை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, ஒரு சிறுவனின் முயல்களைப் பற்றி எழுதுகிறேன். "மௌலவிக்கு எழுத வேறு விடயம் கிடைக்கவில்லையா?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். கடைசிவரை வாசித்துவிட்டு நினையுங்கள்.

சில மாதங்களுக்கு முன் முல்லைத்தீவு மாவட்டத்தில், 2009ஆம் ஆண்டுக்குப் பின் நம்மவர்கள் மீளக் குடியேறிய கிராமம் ஒன்றுக்குப் பெண்களுக்கான பயானுக்காகப் போயிருந்தேன். பயான் முடிந்ததும் திரைக்கு அப்பாலிருந்து கேள்விச் சீட்டுகள் வந்தன. ஸகாத், மஹர், கடன் என்று ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். மஃரிபுக்கு நேரம் நெருங்கிவிட்டது. கடைசியாகக் கையில் ஒரு சீட்டு மிஞ்சியது.

ஒரு தாய் எழுதியிருந்தார். ஒன்பது வயது மகனுக்கு அவனுடைய மாமா பெருநாளன்று இரண்டு முயல் குட்டிகள் கொடுத்திருக்கிறார். பகலில் அவை வளவில் உள்ள கூட்டில் இருக்கின்றன. இரவானதும் மகன் அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் படுக்கையில் வைத்துக்கொள்கிறான். பாயிலும் தொழுகை விரிப்பிலும் புழுக்கை கிடக்கிறது. முயல் இருக்கும் அறைக்கு மலக்குகள் வரமாட்டார்கள், அங்கே தொழுதால் கூடாது என்று மாமி சொல்கிறார். இன்னும் ஒரு நாள் பாயில் சிறுநீர் பட்டால் அறுத்துக் கறியாக்கிவிடுவேன் என்று கணவர் சொல்கிறார். மகனோ வெளியில் விட்டால் மரநாய் பிடித்துவிடும் என்று அழுகிறான். என்ன செய்வது?

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "வீடு மனிதர் படுப்பதற்கு. பிராணிக்குக் கூடு இருக்கிறது. பிள்ளைக்குச் செல்லம் கொடுக்காமல் இன்றைக்கே வெளியில் விடுங்கள்." அரை நிமிடத்தில் முடித்துவிட்டேன். திரைக்கு அப்பால் யாரோ சிரித்ததும் கேட்டது. நானும் சிரித்துக்கொண்டே எழுந்து ஒளுச் செய்யப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து அவ்வூர்க் குர்ஆன் மத்ரஸாவின் முஅல்லிம் வேறொரு விடயமாகத் தொலைபேசியில் பேசியபோது, இடையில் இதைச் சொன்னார். அன்றிரவே அந்தத் தாய், "ஹஸரத் சொல்லிவிட்டார்" என்று முயல்களைக் கூட்டில் விட்டுப் பூட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் விடியும்போது கூட்டின் பலகை பெயர்ந்து கிடந்திருக்கிறது. நாயோ மரநாயோ, ஒன்றைக் கொண்டுபோய்விட்டது. மற்றது மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. பையன் மத்ரஸாவுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அடுத்த ஜும்ஆவுக்கு நான் அந்த ஊருக்கே போனேன். தொழுகை முடிந்து அவனுடைய வாப்பாவுடன் வீட்டுக்குப் போனேன். பையன் திண்ணையில் இருந்தான். ஸலாம் சொன்னேன், மெதுவாகப் பதில் சொன்னான். நெடுநேரம் கழித்து ஒன்றை மட்டும் கேட்டான்:

"ஹஸரத், கூடு பூட்டித்தானே இருந்திச்சு. பூட்டாட்டி அது ஓடியிருக்கும்தானே?"

எனக்குப் பதில் வரவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஹதீஸ் பாடம் நடத்துகிறவன் நான். பூனையைக் கட்டி வைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை எத்தனை வகுப்பில் விளக்கியிருப்பேன்! அவள் வேதனைக்கு ஆளானது பூனையை வளர்த்ததற்காக அல்ல. தானும் தீனி போடாமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் அடைத்து வைத்ததற்காக. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. அடைத்து வைக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. ஆனால் அடைத்த அந்தக் கணமே, அப்பிராணி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வழியை நாம் எடுத்துவிடுகிறோம். எடுத்தவர்தான் அதற்குப் பொறுப்பு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்கிய இது எனக்கு அன்று மாலை விளங்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் என் உம்மாவின் ஞாபகம். 1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. தண்ணீரூற்றில் எங்கள் வீட்டிலும் எல்லோரும் புறப்பட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். வாப்பா "வா, வா" என்று சத்தம் போடுகிறார். உம்மா மட்டும் திரும்பி ஓடினார். நகையை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். அவர் கோழிக்கூட்டின் கதவைத் திறந்தார். இரண்டு ஆடுகளின் கயிற்றையும் கழுத்திலிருந்து கழற்றினார். கிணற்றடித் தொட்டியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார். பிறகுதான் வந்தார். புத்தளத்து ஓலைக் குடிசையில் இருந்த காலத்தில் ஒருநாள் இதைக் கேட்டேன். "கட்டிப்போட்டு வந்தா அல்லாஹ்கிட்ட என்ன சொல்லுறது மகன்?" என்றார். அவர் அரபுக் கல்லூரியில் ஓதியவர் அல்லர்.

ஆகவே, சகோதரிகளே, அன்று அரை நிமிடத்தில் சொன்னதை இன்று ஒழுங்காகச் சொல்கிறேன். அந்தச் சகோதரிக்கும், வீட்டில் முயலோ புறாவோ பூனையோ வளர்க்கும் பிள்ளைகளின் தாய்மாருக்கும் இது பயன்படட்டும்.

அபூதல்ஹாவின் வீடு

முதலாவது, முயல் வளர்க்கலாமா? வளர்க்கலாம்.

முயல் ஹலாலான பிராணி. மக்காவுக்கு அருகில் மர்ருழ் ழஹ்ரான் என்ற இடத்தில் தோழர்கள் ஒரு முயலைக் கிளப்பித் துரத்திக் களைத்துப்போனார்கள். அனஸ் (ரலி) அவர்கள்தாம் அதைப் பிடித்து, தம் தாயின் கணவரான அபூதல்ஹா (ரலி) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். அவர்கள் அறுத்து, தொடைப்பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்ப, நபியவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது அதே அபூதல்ஹாவின் வீட்டுக்கு மற்றொரு முறை போய்ப் பார்ப்போம். அனஸ் (ரலி) அவர்களின் சின்னத்தம்பி அபூஉமைர், ஒரு சிறு குருவியை வளர்த்து விளையாடினார். அது இறந்துவிட்டது. நபி (ஸல்) அவர்கள் வந்தபோது பிள்ளை வாடிய முகத்துடன் இருந்ததைக் கண்டார்கள். உலகத்துக்கே வழிகாட்ட வந்தவர்கள், அந்தச் சிறுவனைப் பெரியவரைப் போலப் புனைபெயர் சொல்லி அழைத்து, குருவி என்னவாயிற்று என்று பரிவோடு விசாரித்தார்கள். "குருவிதானே!" என்று சொல்லவில்லை.

ஷாபிஈ மத்ஹபின் ஆரம்பகால அறிஞர்களில் ஒருவரான அபுல் அப்பாஸ் இப்னுல் காஸ் (மறைவு ஹிஜ்ரி 335) இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார். பிள்ளை பிராணியோடு விளையாடலாம், கொடுமை செய்யாமல் அடைத்து வளர்க்கலாம் என்பதற்கு நம் இமாம்கள் இதையே ஆதாரமாகக் கொள்கிறார்கள்.

கவனியுங்கள்: முயலிறைச்சி சமைத்த வீடும் அதுதான், குருவிக்காகப் பிள்ளை அழுத வீடும் அதுதான். உண்ண ஆகுமானது என்பதால் அன்பு காட்டுவது அசட்டுத்தனம் ஆகிவிடாது. அன்பு காட்டுவதால் ஹலாலான இறைச்சி ஹராமும் ஆகிவிடாது.

மலக்குகளும் தொழுகையும்

மாமியின் அச்சத்தை ஏளனம் செய்யாதீர்கள். அவர் மார்க்கத்தின் மீதுள்ள பயத்தினால்தான் சொல்கிறார். ஆனால் மலக்குகள் நுழைவதில்லை என்று ஹதீஸில் வந்திருப்பது நாயும் உருவங்களும் உள்ள வீட்டைப் பற்றி. முயலைப் பற்றி அப்படி எதுவும் வரவில்லை. அல்லாஹ் தடுக்காததை நம் தொந்தரவு தீர்வதற்காகத் தடுத்ததாகச் சொல்லக்கூடாது. "எனக்குக் கூட்டிப் பெருக்க முடியவில்லை" என்பது நியாயமான காரணம். அதை அப்படியே சொல்லுங்கள். அதற்கு ஹராம் என்று பெயர் சூட்டாதீர்கள். அன்று நான் செய்ததும் ஏறக்குறைய அதுதான். எனக்கு நேரமில்லை என்பதற்கு மார்க்கத்தின் தோரணையில் பதில் சொன்னேன்.

சுத்தத்தைப் பொறுத்தவரை நம் நாட்டில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின் சட்டம் இது:

முயல் உயிரோடிருக்கையில் அதன் உடலும் எச்சிலும் சுத்தமானவை. அதன் உரோமம் உதிர்ந்து உடையில் ஒட்டினாலும் தொழுகைக்குக் குற்றமில்லை. உண்ண ஆகுமான பிராணியின் உரோமம், உயிரோடிருக்கும்போது உதிர்ந்தால் சுத்தமே. ஆகவே ஒவ்வொரு மயிரையும் பொறுக்கி எடுத்து வஸ்வாஸில் விழவேண்டாம்.

சிறுநீரும் புழுக்கையும் நஜீஸ். மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் உண்ண ஆகுமான பிராணியின் கழிவு சுத்தம் என்ற கருத்து உண்டு. நம் மத்ஹபில் அது கழுவவேண்டியதே. காய்ந்த புழுக்கை காய்ந்த விரிப்பில் கிடந்தால் தட்டி அகற்றினால் போதும். ஈரம் இல்லாதபோது அசுத்தம் தாவாது. சிறுநீர் பட்டால் ஈரத்துணியால் தேய்க்காதீர்கள். அது அசுத்தத்தை இன்னும் பரப்பும். முதலில் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு அவ்விடத்தில் நிறமும் வாடையும் போகும்வரை சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். ஏழு முறையும் மண்ணும் நாய், பன்றிக்குரிய சட்டம், முயலுக்கு இல்லை.

தொழுகை விரிப்பை மடித்து ஆணியில் தொங்கவிட்டால் இந்தச் சிரமத்தில் பாதி குறையும்.

முயல் யாருக்குச் சொந்தம்?

கணவரின் கோபத்துக்கு வருவோம். பகலெல்லாம் வேலை செய்து களைத்து வருகிறவர் ஈரப் பாயில் படுக்கவேண்டி வந்தால் கோபம் வருவது இயல்பு. ஆனால் ஒரு சட்டத்தை மறந்துவிடுகிறோம். மாமா மருமகனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, பிள்ளைக்காகப் பெற்றோர் ஏற்றுக்கொண்டால் அது பிள்ளையின் சொத்து. பிள்ளையின் பொருளைத் தகப்பன் பாதுகாக்கும் பொறுப்பாளர். பிள்ளையின் நன்மைக்காகவே அதில் கைவைக்கலாம். கோபத்தைத் தீர்க்க அறுத்துக் கறியாக்குவது அந்தப் பொறுப்புக்குள் அடங்காது. பெரியவர்களின் காணி உறுதியையும் நகையையும் பற்றி எவ்வளவு கவனமாகப் பேசுகிறோம்! பிள்ளையின் முயலிலும் அமானிதம் இருக்கிறது.

முயல்களை இறைச்சிக்காக வளர்ப்பதானால் முதல் நாளே பிள்ளையிடம் அப்படிச் சொல்லி வளருங்கள். அதில் தவறில்லை. அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டி, பிராணியை வதைக்காமல் அழகிய முறையில் அறுக்கவேண்டும் என்பது நபிமொழியின் கட்டளை. செல்லமாக வளர்க்கவிட்டு, பெயர் வைத்துக் கூப்பிடவும் விட்டு, பிறகு ஒருநாள் தட்டில் வைப்பது பிள்ளைக்கு நம்மீதுள்ள நம்பிக்கையைக் கெடுத்துவிடும். அவன் பிறகு நம் வாக்கை எப்படி நம்புவான்?

இரவில் முயல் என்ன செய்கிறது?

இனி அந்தச் சீட்டின் உண்மையான கேள்வி: இரவில் அறைக்குள் வைக்கலாமா? இதற்குப் பதில் சொல்ல முயலையே கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும்.

நம் வன்னிக் காட்டோரத்தில் தாவி ஓடும் முயல் வேறு. கூட்டில் வளர்க்கும் முயல் வேறு. காட்டுமுயல் வளை தோண்டாது, புல்லுக்குள் பதுங்கும், அதன் குட்டிகள் பிறக்கும்போதே மயிரும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும். வீட்டுமுயலின் மூதாதையர் ஐபீரியத் தீபகற்பத்தைச் சேர்ந்தவை. ஒரு காலத்தில் நம்மவர்கள் ஆண்ட அந்தலூஸ் இருந்த பூமி அது. அவை மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. குட்டிகள் மயிரின்றிக் கண் மூடியே பிறக்கும். பகலில் வளைக்குள் படுத்து, அந்தி மயங்கும்போதும் வைகறையிலும் வெளியே வந்து மேய்வது அவற்றின் சுபாவம்.

அதாவது, நாம் இஷா தொழுது படுக்கப்போகும் நேரம் அதற்கு விழிப்பு நேரம். அது கொறிக்கும், குதிக்கும். பயந்தால் பின்னங்காலால் தரையில் தட்டும். அதன் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறிப்பது அதற்குத் தேவை. குறும்பு என்று அடிக்காதீர்கள். எட்டாம் நூற்றாண்டு ஹிஜ்ரியில் வாழ்ந்த எகிப்திய ஷாபிஈ அறிஞர் இமாம் தமீரீ, 'ஹயாத்துல் ஹயவான்' என்ற தம் நூலில் முயல் கண்ணைத் திறந்தபடியே தூங்கும் என்று குறித்துள்ளார். விழித்திருப்பதுபோலத் தோன்றும், தூங்கிக்கொண்டிருக்கும். அப்போது பிள்ளை திடீரெனத் தூக்கினால் அஞ்சி உதைக்கும். பலமாக உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். ஆகவே காதைப் பிடித்துத் தூக்கக்கூடாது. ஒரு கை நெஞ்சுக்கும் மறுகை பின்புறத்துக்கும் கொடுத்து எடுக்கவேண்டும்.

இரவிலும் வைகறையிலும் அது மென்மையான ஒருவகைப் புழுக்கையிட்டு, அதையே வாயால் எடுத்து உண்ணும். கண்டு அருவருக்கவேண்டாம், தடுக்கவும் வேண்டாம். புல்லின் சத்தை முழுதும் பெற அல்லாஹ் அதற்கு அமைத்த வழி அது. குட்டி போட்ட தாய்முயல் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடம்தான் பாலூட்டும். அதுவும் பெரும்பாலும் இரவில் அல்லது விடியலில். பகலில் தாய் பக்கத்தில் போகவில்லை என்று குட்டிகளைத் தூக்கிப் பசுப்பால் புகட்டிக் கொன்றுவிடுவோர் உண்டு.

ஆகவே, சகோதரிகளே, பிள்ளையின் படுக்கை முயலுக்கு ஏற்ற இடமல்ல. பிள்ளை புரண்டு படுத்தால் குட்டி நசுங்கும். அதன் உரோமமும் புல்லின் தூசும் இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது. அதற்குச் சொறி வந்தால் பிள்ளையின் தோலிலும் அரிப்பு வரலாம். அன்பினால்தான் பிள்ளை அருகில் வைக்கிறான். ஆனால் இருட்டான ஒரு மறைவிடமே முயலுக்கு நிம்மதி தரும்.

வெளியிலா, உள்ளேயா?

அப்படியானால் அன்று நான் சொன்னதுதானே சரி என்கிறீர்களா? இல்லை. படுக்கையில் வேண்டாம் என்பது வேறு. பலமில்லாத கூட்டில் வெளியே விடுவது வேறு. நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், நாச்சிக்குடா, சாளம்பைக்குளம் என்று எந்த ஊரானாலும், காடும் வயலும் குளமும் சூழ்ந்த இடங்கள் இவை. மரநாய், கீரி, பாம்பு, ஊர்நாய் எல்லாம் இரவில் நடமாடும். பையன் சொன்னது வெறும் செல்லமல்ல. அவன் கண்ணால் கண்ட உண்மை. பாதுகாப்பில்லாத கூட்டைவிட வீட்டுக்குள் ஒரு மூலை நல்லது.

வெளியில் கூடு வைப்பதானால், இடுப்பளவு உயரத்தில் பலமான கால்களில் நிற்கவேண்டும். கோழிக்கு அடிக்கும் மெல்லிய வலை போதாது, நாய் பிய்த்துவிடும். தடித்த, சிறுகண் கம்பிவலை அடியுங்கள். கதவுக்கு இரண்டு கொக்கி போடுங்கள். எறும்பு ஏறாமல் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்துங்கள். தரையில் பாதிக்குப் பலகை இருக்கட்டும். கம்பி மட்டும் என்றால் பாதம் புண்ணாகும். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி வேண்டும். மாரி மழையில் சாரல் அடிக்காமலும், கச்சான் காலத்தில் வெயில் படாமலும் கூரை இருக்கவேண்டும். முயலுக்கு வியர்க்காது, வெப்பத்தைப் பெரும்பாலும் காதின் வழியாகத்தான் வெளியேற்றும். வெப்பம் 30 பாகையைத் தாண்டினாலே தவிக்கும். வன்னியில் 30 பாகை என்பது நமக்குச் சாதாரண பகல். ஆகவே நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கூட்டின் மேல் ஈரச்சாக்கும் அவசியம்.

அப்படிக் கூடு செய்ய இப்போது வசதியில்லை என்றால் வீட்டுக்குள் வையுங்கள். விறாந்தையோ குசினி மூலையோ இருந்தால் அறையைவிட அதுவே நல்லது. மீள்குடியேற்ற வீடுகளில் பெரும்பாலும் இரண்டே அறைதான். வேறு இடமே இல்லையென்றால் படுக்கும் அறையிலும் வைக்கலாம். நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, திறந்துவிடாமல் பெட்டியிலோ சிறு கூட்டிலோ வைத்து மூடுங்கள். இரவில் கதவைச் சாத்தி, பாத்திரங்களை மூடி, விளக்கை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். எலி திரியை இழுத்து வீட்டாரோடு வீட்டையே எரித்துவிடக்கூடும் என்ற காரணத்தையும் சொன்னார்கள். இன்று திரியின் இடத்தில் மின்வயர் இருக்கிறது. தொலைபேசி சார்ஜர், காற்றாடியின் வயர் எதுவும் முயலின் பல்லுக்கு எட்டக்கூடாது. அது கடித்தால் அதன் உயிரும் போகும். வீட்டுக்கும் தீங்கு வரும்.

இரண்டாவது, இரவுக்குப் புல்லும் தண்ணீரும் இருக்கட்டும். பசித்த வயிற்றோடு அடைக்காதீர்கள். ஆனால் அரிசி, பாண், தவிடு எதுவும் அறையில் கிடக்கக்கூடாது. அது எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். எட்டடி விரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் தூங்குகிறவர்களைத் தீண்டுவது வரண்ட பிரதேசத்தில் தெரிந்த ஆபத்து. கடி வலிக்காமலும் போகலாம். பிறகு கண்ணிமை சரிந்து மூச்சு அடைக்கும். பிள்ளைகளைக் கட்டிலில், நுளம்பு வலையை மெத்தைக்கடியில் செருகிப் படுக்கவையுங்கள். கடித்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாவது, யன்னல் திறந்திருக்கட்டும். பெட்டியின் அடியில் பழைய பத்திரிகையோ சாக்கோ விரித்து, நாள்தோறும் மாற்றுங்கள். சிறுநீரின் காரவாடை முயலின் மூச்சுக்கும் கேடு, பிள்ளையின் மூச்சுக்கும் கேடு. அரபு எழுத்தும் அல்லாஹ்வின் திருநாமமும் உள்ள தாள்களை அதற்கு விரித்துவிடாதீர்கள்.

நான்காவது, இந்த வேலையைச் செய்யவேண்டியவர் தாய் அல்லர், முயலின் சொந்தக்காரர். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைச் செய்ய முடியும். இரவு பெட்டியில் விட்டு மூடி, ஸுபஹுக்கு எழுந்து தொழுது, விரிப்பை மாற்றி, புல் பறித்துப் போட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போகட்டும். ஸுபஹுக்கு எழுப்ப எத்தனை பாடுபடுகிறோம்! முயல் இருக்கும் வீட்டில் அது கொஞ்சம் இலகுவாகலாம்.

இன்னொன்று: ஆணும் பெண்ணுமாக வைத்தால் மூன்றரை நான்கு மாதத்திலேயே பிரித்துவிடுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான்; ஈன்ற உடனேயே மறுபடி சினையாகும். பராமரிக்க முடியாத எண்ணிக்கையில் பெருகவிட்டுப் பிறகு காட்டில் கொண்டுபோய் விடுவது, நாய்க்கும் மரநாய்க்கும் விருந்து வைப்பதுதான். நன்றாகக் கவனித்தால் முயல் எட்டுப் பத்து ஆண்டு வாழும். வாங்கிக் கொடுக்குமுன் மாமாமாரும் சாச்சாமாரும் இதை யோசிக்கட்டும்.

முடிவாக ஒரு வார்த்தை

சகோதரிகளே! ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று குர்ஆன் நமக்குச் சொல்கிறது. ஒட்டகமொன்று கண்ணீர் விட்டபோது அதன் பிடரியைத் தடவிக்கொடுத்து, அதைப் பட்டினி போட்ட சொந்தக்காரரை அழைத்துக் கண்டித்தார்கள் நம் நபி (ஸல்) அவர்கள். குஞ்சுகளை இழந்து சிறகடித்துத் தவித்த பறவையிடம் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டையும் வளவையும் விட்டு விரட்டப்பட்டவர்கள் நாம். தங்க இடமில்லாத இரவு எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். நம் கையில் அகப்பட்ட சிறு உயிருக்கு ஓர் இரவுக்கான இடம் கொடுப்பதில் நாம் கஞ்சத்தனம் செய்யலாமா?

அன்று அந்தத் திண்ணையில் பையனிடம் சொன்னேன்: "மகன், பிழை உங்கட உம்மாவில இல்ல, உங்களிலும் இல்ல. நான்தான் யோசிக்காமச் சொல்லிட்டன். என்னை மன்னிச்சிக்கொள்ளுங்க." அவன் பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனான். மிஞ்சிய முயலைச் சரியாக இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் மடியில் வைத்தான்.

அவனுடைய வாப்பா இப்போது குசினிச் சுவரோடு சேர்த்துப் பலமான கூடு ஒன்று செய்திருக்கிறார். "அறுத்துவிடுவேன்" என்று சொன்னவர்தான் பலகை அறுத்திருக்கிறார். பையன் மத்ரஸாவுக்கு வருகிறான் என்று முஅல்லிம் சொன்னார், அல்ஹம்துலில்லாஹ். மாமிதான் பகலில் முருங்கை இலை ஒடித்துப் போடுகிறாராம்.

கேள்வி கேட்கும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். மௌலவிமார் அவசரத்தில் பதில் சொன்னால், "இன்னொருமுறை கேட்கிறோம், ஆறுதலாகச் சொல்லுங்கள்" என்று மறுபடி சீட்டு அனுப்புங்கள். அது மரியாதைக் குறைவல்ல. எங்களுக்குச் செய்யும் உதவி.

வல்ல அல்லாஹ் நம் அவசரத்தை மன்னிப்பானாக! நம் பொறுப்பில் உள்ள பிள்ளைகளையும் வாயில்லா ஜீவன்களையும் பேணும் தவ்பீக்கைத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.